அடிப்பிடித்த பாயசம் செய்த வேலை

முன்னொரு காலத்தில் செம்பாறை நாட்டை மகரகேது என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான், காலையில் தோன்றிய யோசனையை மத்தியானத்துக்குள் சட்டமாக்கிவிடுவார், அவ்வளவுதான்.

ஒருநாள், "பயனில்லாத வழக்கம் எதுவும் என் நாட்டில் இருக்கக்கூடாது" என்றார். மந்திரி சொக்கேசர் மேல் நெடுநாளாகப் பொறாமையில் வெந்துகொண்டிருந்த அரசவைப் பிரதானி புண்டரீகர் துள்ளி எழுந்தார்.

"பிரபு, முதலில் இந்தச் சம்பந்திச் சண்டை! கல்யாணப் பந்தியில் மாப்பிள்ளையின் அப்பா 'பாயசத்தில் இனிப்பில்லை' என்று இலையை விட்டு எழுவதும், பெண்வீட்டார் பின்னாலேயே ஓடிக் கெஞ்சுவதும்! யாருக்கு என்ன லாபம்?"

"அந்தச் சண்டைக்கும் ஒரு வேலை இருக்கிறது, அரசே" என்றார் சொக்கேசர்.

"என்ன வேலை?"

"நிறுத்திப் பாருங்கள், தெரியும்."

"தெரியாவிட்டால் உம் பதவி புண்டரீகருக்கு!" என்ற ராஜா, அன்றே பறையறைந்து சண்டைக்குத் தடை போட்டார்.

சீக்கிரமே இளவரசிக்குக் கல்யாணம் வந்தது. பந்தியில் பாயசம் நன்றாக அடிப்பிடித்திருந்தது. சம்பந்தி ராஜா முகம் சுளிக்காமல் "அமிர்தம்!" என்று குடித்துவிட்டு, மருமகளை அழைத்துக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தார். புண்டரீகர் மந்திரி ஆசனத்துக்குப் பட்டு மெத்தை தைக்கக் கொடுத்துவிட்டார்.

ஆடி பிறந்தது. மகளை அழைத்துவரப் பல்லக்கு போனது; காலியாகத் திரும்பியது. மறுபடி அனுப்பினால், "இங்கே சௌக்கியமாக இருக்கிறாள்" என்று பதில். மகளைப் பார்க்காமல் ராஜாவுக்குச் சோறு இறங்கவில்லை.

"அந்த மனுஷர் ஒரு குறையும் சொல்லவில்லையே, சொக்கேசரே!"

"சொல்லத்தான் நாம் விடவில்லையே, அரசே. பந்தியிலேயே கொட்டியிருக்க வேண்டியதை வீட்டுக்குக் கட்டிக்கொண்டு போய்விட்டார். தடையை எடுத்துவிட்டு அவரை விருந்துக்கு அழையுங்கள்."

ராஜா அழைத்தார். மந்திரி நேரே மடைப்பள்ளிக்குப் போய், "பாயசம் அன்றைக்கு மாதிரியே தீய வேண்டும்" என்று சொல்லிவைத்தார்.

சம்பந்தி ஒரு வாய் குடித்தார். விருட்டென்று எழுந்தார்.

"அன்றைக்கும் தீய்ந்த பாயசம், இன்றைக்கும் தீய்ந்த பாயசம்! என்னை என்னவென்று நினைத்தீர்?"

மகரகேது வாசல்வரை ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டார். "தப்புதான் சம்பந்தி, தப்புதான்! என் பெண்ணை மட்டும் கண்ணில் காட்டும்!"

ஓடின ஓட்டத்தில் கிரீடம் காதில் தொங்கியது. அதைப் பார்த்துச் சம்பந்திக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இதை அன்றைக்கே செய்திருக்கக்கூடாதா? நாளைக்கே பல்லக்கை அனுப்பும்" என்று மறுபடி இலையில் உட்கார்ந்து மோர் கேட்டார்.

மகள் வந்தாள். ராஜா தன் மோதிரத்தைக் கழற்றிச் சொக்கேசருக்குப் போட்டார்.

புண்டரீகர் முனகினார்: "அப்படியானால் உலகத்தில் இருக்கிற எல்லாவற்றுக்கும் ஒரு வேலை உண்டாக்கும்? என் பொறாமைக்குமா?"

"இல்லாமலா? நீர் இந்தத் தடையைக் கிளப்பிவிட்டிருக்காவிட்டால் சம்பந்திகள் இவ்வளவு நெருங்கியிருப்பார்களா?" என்றார் மந்திரி.

"வேலையில்லாமல் கிடப்பது உம்முடைய மெத்தை ஒன்றுதான்" என்று ராஜா சிரித்தார். "உமக்கு வேலை இருக்கிறது. இனி நாட்டில் எந்தச் சம்பந்தி எழுந்தாலும் பின்னால் ஓடிக் கெஞ்ச வேண்டியது நீர்தான்!"

பாவம், ஓடினார். அவர் ஓடுகிற அழகைப் பார்ப்பதற்காகவே செம்பாறையில் நல்ல பாயசத்தையும் குறை சொல்ல ஆரம்பித்தார்கள்.