பத்து மணிக்கு மேல்

மலைகளில் ஹெலிகாப்டர் ஓட்டக் கற்றுத்தருகிற பள்ளி அது. அங்கே தலைமைப் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவர் ஏசுவடியான். அவரிடம் கற்ற வரதன்தான் இப்போது அந்தப் பதவியில் இருந்தான்.

பயிற்சிக்கு வந்த தமயந்தி சுமை ஏற்றிய ஹெலிகாப்டரைத் தனியாக ஓட்டிப்போய், பாறை முகட்டில் மோதி இறந்து பத்து நாளாகியிருந்தது. விசாரணை அறிக்கையை வரதனே எழுதினான். காரணம், ஓட்டியவரின் கவனக்குறைவு. ஒரே வரி. இறந்தவள் எழுந்து வந்து மறுக்கவா போகிறாள்? வெளியாள் ஒருவரின் கையெழுத்தும் வேண்டியிருந்ததால் ஏசுவடியானை வரவழைத்தான்.

அவர் படித்துவிட்டு, எத்தனை மணிக்கு அவளை அனுப்பினாய் என்று கேட்டார்.

மதியம் இரண்டு மணிக்கு என்றான்.

பத்து மணிக்கு மேல் அந்த முகட்டுப் பக்கம் யாரும் போவதில்லை என்பது பள்ளியின் வழக்கம். வெயில் ஏறினால் அங்கே காற்று ஹெலிகாப்டரைக் கீழே அமுக்கும். ஆனால் அன்று காலை முழுவதும் மேலதிகாரி வருகை, அணிவகுப்பு, தேநீர் விருந்து. மாதக் கடைசி வேறு. பாடம் முடியாவிட்டால் வரதனுக்குத்தான் கெட்ட பெயர். இதில் ஒரு சொல்கூட அறிக்கையில் இல்லை. உயிரையும் வாங்கிவிட்டுப் பழியையும் அவள் தலையிலேயே கட்டியிருந்தான்.

"அவங்க அப்பா தினம் போன் பண்றார் சார். என் பொண்ணு என்ன தப்பு செஞ்சான்னு கேக்கிறார். என்ன பதில் சொல்றது?"

ஏசுவடியான் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டாக ஐந்து நிமிடம் இருந்தது. எழுந்து ஹெலிகாப்டர் நின்ற தளத்துக்கு நடந்தார்; வரதனும் பின்னால் போனான். அவள் கொண்டுபோன அதே எடைக்கு மணல்மூட்டைகளை ஏற்றச் சொன்னார். தானும் ஏறி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டார்.

"வா. அதே முகட்டுக்கு ஓட்டு. நீதான் கவனமானவனாச்சே."

வரதன் கதவருகிலேயே நின்றான். காற்றின் திசை காட்டும் துணிப்பை விறைத்து நின்றது.

"இந்த நேரத்துல வேணாம் சார். யார் ஓட்டினாலும் விழும்."

"அவளும் இதைச் சொன்னாளா?"

வரதன் தலையைக் குனிந்துகொண்டான். "சொன்னா சார்."

"நீ என்ன சொன்ன?"

"பயமா இருந்தா ஊருக்குப் போயிடுன்னு சொன்னேன்."

ஏசுவடியான் பெல்ட்டைக் கழற்றவில்லை.

"அவ என்ன தப்பு செஞ்சான்னுதானே அவங்க அப்பா கேக்கிறார்? நீ சொன்னபடி செஞ்சான்னு சொல்லு."