மஞ்சள் காட்டிய கிடாய்

கதிரேசன் ஆய்வுக்கூடத்திலிருந்து ஓடிவந்தார்.

கால்நடை டாக்டர். பாதி ஆயுசு ஆட்டுப் புழுக்கையைக் கரைத்துப் பார்த்தே போயிற்று. அலுத்துப்போய் ஆராய்ச்சிக்கு வந்தவர். ஆசிரியை ரூபாவதி அவரைவிட வயதில் சின்னவர். அதனாலென்ன. தெரிந்தவர் ஆசிரியர்.

“மேடம், விழுந்துருச்சு. மஞ்சள்.”

கையில் குழி குழியாக ஒரு பிளாஸ்டிக் தட்டு. குழிக்கு ஓர் ஆட்டின் ரத்தத்திலிருந்து பிரித்த தெளிந்த நீர். குடற்புழுவை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள் அதில் இருந்தால் குழி மஞ்சளாகும்.

“பலவேசத்தோட செம்மறிப் பட்டி. இந்தக் குழியைப் பாருங்க, பளிச்சுன்னு. அவரோட பொலிகிடாய். இனி புழுவைக் கண்டுபிடிக்க ஒரு சொட்டு ரத்தம் போதும், மேடம்.”

“புழுக்கை பார்த்தீங்களா?”

“ரத்தமே பேசுது. புழுக்கை எதுக்கு?”

“பலவேசத்துக்கிட்ட என்ன சொன்னீங்க?”

“கிடாய் ஒரு புழு மூட்டை, தள்ளிவிட்டுருங்கன்னேன். கறிக்கடை வண்டி வருதாம்.”

“எப்போ?”

“இப்போ.”

ரூபாவதி ஜீப் சாவியை எடுத்தார். மைக்ராஸ்கோப்பையும் எடுத்தார். “போன் போடுங்க.”

மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

“ஆட்டு மணி கேட்குற காது அவருக்கு. போன் மணி கேட்காது. ஏறுங்க.”

ஜீப் கரிசல் காட்டில் குதித்துக் குதித்துப் போனது. கதிரேசன் தட்டை மடியில் அணைத்துக்கொண்டார்.

கிடாயின் காலைக் கட்டி வண்டியில் ஏற்றியாயிற்று. பலவேசம் வேலிப்பக்கம் திரும்பி நின்றார். புட்டிப்பால் கொடுத்து வளர்த்த கிடாய். பட்டிக் குட்டிகளுக்கெல்லாம் அதுதான் தகப்பன்.

“இறக்குங்க,” என்றார் ரூபாவதி.

“பேசி முடிச்சாச்சும்மா,” என்றார் வண்டிக்காரர்.

“இறக்கிட்டுப் பேசுங்க.”

இறக்கினார்கள். கதிரேசனுக்குப் பொறுக்கவில்லை.

“புழு இருக்கிற கிடாயை விட்டுவைக்கலாமா, மேடம்?”

ரூபாவதி கிடாயின் கீழிமையை இழுத்துக் காட்டினார்.

“என்ன நிறம்?”

“சிவப்பு.”

“ரத்தம் குடிக்கிற புழு நிறைய இருந்தா?”

“வெளுத்திருக்கும்.”

“இவன் குடிக்க விடலை போல.”

கதிரேசனின் குரல் இறங்கியது. “புழுக்கை எடுக்கட்டுமா?”

“கேட்கணுமா?”

கிடாய் பயத்தில் வண்டிப் பலகையிலேயே போட்டிருந்தது. கதிரேசன் அதை எடுத்து உப்புக் கரைசலில் கரைத்தார். புழு முட்டை மிதக்கும்வரை நின்றார். வண்டிக்காரர் பீடி பற்றவைத்தார். கதிரேசன் கண்ணை மைக்ராஸ்கோப் லென்ஸில் வைத்தார்.

“ஒரு முட்டை. அங்கே இன்னொண்ணு. அவ்வளவுதான்.”

“தட்டுல நிறமே விழாத ஆடு எது?”

“மூலையில கிடக்கே, அந்த வெள்ளச்சி. சுத்தமான ஆடு, மருந்தே வேண்டாம்னு...”

சொல்லும்போதே கதிரேசன் அதை நோக்கி நடந்துவிட்டார். வெள்ளச்சி எழுந்திருக்கவில்லை. தாடைக்குக் கீழே நீர் கோத்துப் பை மாதிரி தொங்கியது. இமையை இழுத்தார். காகிதம்.

அதன் புழுக்கையையும் கரைத்தார். இந்த முறை லென்ஸிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

“மேடம், கேப்பை கொட்டின மாதிரி கிடக்கு. அத்தனையும் முட்டை. எதிர்க்கத் தெம்பில்லாம கிடந்திருக்கு இது. நான் சுத்தம்னுட்டேன்.”

அவரே வாயைப் பிளந்து மருந்தை ஊற்றினார்.

பலவேசம் வந்தார். “டாக்டரய்யா, எந்த ஆட்டுக்கு நோவுன்னு ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க. வண்டிக்காரர் நிக்காரு.”

“வண்டி போகட்டும். கிடாயை அவுத்து விடுங்க,” என்றார் கதிரேசன்.

பலவேசம் அவிழ்க்கவில்லை. கயிற்றை அரிவாளால் அறுத்தார். கிடாய் ஒரே பாய்ச்சலில் மந்தைக்குள் போயிற்று.

கதிரேசன் தட்டை வெயிலில் தூக்கிப் பார்த்தார். மஞ்சள் அப்படியே இருந்தது.

“அப்போ என் சோதனை பொய்யா, மேடம்?”

“அருமையான சோதனை. எங்கெங்கே வெளிச்சம் எரியுதுன்னு அப்படியே காட்டியிருக்கு.”

“பின்னே நான் எங்கே தப்பு பண்ணினேன்?”

“டார்ச் அடிச்சுக்கிட்டு ஊர்க்காவல் போறவரைப் பிடிச்சுக் கட்டிட்டு, திருடன் அகப்பட்டான்னு போன் போட்டீங்க.”