கசிந்தது எது

மலையடிவாரத்தில் இருந்த அந்தச் சிறிய தியான இல்லத்துக்கு அருளம்மைதான் குரு. அவரிடம் பாடம் கேட்டவர்களில் பாதிப்பேர் அவரைவிட மூத்தவர்கள். கனகசபையும் மூத்தவர்தான். இல்லத்தின் சாவிக்கொத்தும் தண்ணீர் மோட்டாரும் அவர் பொறுப்பில் இருந்தன.

அந்தக் கோடையில் கிணறு வற்றிக்கொண்டே வந்தது. சாயங்காலம் மோட்டார் போட்டு மேல்தொட்டியை நிரப்புவார் கனகசபை. விடிந்து பார்த்தால் தொட்டி காலியாகக் கிடக்கும்.

அவருக்கு இசக்கி மேல் சந்தேகம். மகனைப் பறிகொடுத்துவிட்டு அங்கே வந்து சேர்ந்தவர் இசக்கி. யாரோடும் அதிகம் பேசமாட்டார். மனசு தாங்காத வேளைகளில் குழாயடியில் போய் உட்கார்ந்து தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்வார்.

அருளம்மை வெளியூர் போயிருந்த அன்று, காலைப் பந்தியில், எல்லோர் முன்னாலும் கனகசபை கேட்டார்.

"உம்ம துக்கத்தைக் கழுவ எத்தனை கிணறு வேணும்வே?"

இசக்கி இலையிலிருந்து எழுந்தார். கை கழுவக்கூடத் தண்ணீரைத் தொடவில்லை. துண்டில் துடைத்துக்கொண்டார். பையை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்துவிட்டார்.

மறுநாள் அருளம்மை திரும்பியபோது கனகசபை வாசலிலேயே காத்திருந்தார். நடந்ததைச் சொன்னார். சொன்ன சொல்லையும் மறைக்காமல் சொன்னார்.

"அவர் போயிட்டார். ஆனா இன்னைக்கும் தொட்டி காலிம்மா."

அருளம்மை கேட்டார். "குழாயெல்லாம் பாத்தீங்களா?"

"பாத்துட்டேன். தோட்டம், சமையல்கட்டு, குளியலறை, எங்கேயும் ஒழுகல. தரையில ஈரமே இல்ல."

"உங்க அறையில?"

முழங்கால் வலிக்காக, உட்காரும் பீங்கான் கழிப்பறை உள்ள ஒரே அறையை அவருக்குத்தான் கொடுத்திருந்தார்கள்.

"அங்கே ஒரு சத்தமும் இல்லியே."

அருளம்மை துணி துவைக்கும் இடத்திலிருந்து சொட்டு நீலத்தை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனார். ஃப்ளஷ் தொட்டியின் மூடியைத் தூக்கிக் கீழே வைத்தார். உள்ளே கொஞ்சம் நீலத்தை விட்டார்.

"இப்போ தண்ணி விடாதீங்க. உக்காருங்க."

அவருக்கு ஒரு நாற்காலி போட்டார். தான் கதவருகே தரையில் அமர்ந்தார்.

"தியானம் பண்ணட்டுமாம்மா?"

"வேண்டாம். பீங்கானைப் பாருங்க."

கனகசபை பார்த்தார். வெள்ளையாக இருந்தது. நெடுநேரம் வெள்ளையாகவே இருந்தது. எழுந்துவிடலாம் என்று அவர் நினைத்தபோது, பீங்கானின் உள்சரிவில் நூல் போல ஒரு நீலக்கோடு இறங்கியது. அடியில் நின்ற தண்ணீர் மெல்ல நிறம் மாறியது.

"என் அறையிலயா?" என்றார்.

அருளம்மை சுவரோரம் இருந்த வால்வை மூடினார். தொட்டித் தண்ணீரை இறக்கிவிட்டார். "கையை உள்ளே விடுங்க. அடியில வட்டமா ஒரு ரப்பர் இருக்கும்."

கனகசபை தடவி எடுத்தார். காய்ந்த தோல் போல விறைத்திருந்தது வாஷர். ஒரு ஓரம் சுருண்டு மேலே தூக்கியிருந்தது. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

கடைத்தெருவுக்குப் போய்ப் புது வாஷர் வாங்கிவந்து அவரே மாட்டினார். மறுபடியும் நீலம் விட்டு உட்கார்ந்து பார்த்தார். பீங்கான் வெள்ளையாகவே இருந்தது.

மறுநாள் காலை அவர் ஓடாத குறையாக அருளம்மையிடம் வந்தார். கையில் போன் இருந்தது.

"அம்மா, தொட்டி நிறைய நிக்குது! இசக்கிக்கு இப்பவே போன் போட்டுச் சொல்லிடுதேன்."

"என்னன்னு சொல்லப் போறீங்க?"

"உம்ம மேல தப்பில்ல, எல்லாம் அந்த வாஷரால வந்ததுன்னு."

அருளம்மை அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"வாஷர் தண்ணியைத்தான் விட்டுது ஐயா. வார்த்தையை விடலையே."

கனகசபை அங்கேயே உட்கார்ந்து போனை மடியில் கவிழ்த்து வைத்தார்.