மூன்றாம் படியில் ஒரு குரங்கு

அல்லிக்குளத்துக் காட்டில் பாலர் பள்ளியை முடித்த குட்டிகள் எல்லாம் நடுப்பள்ளியில் சேரும். குரங்கு, நீர்நாய், மயில், முயல் என்று யார் வந்தாலும் ஒரே மருதமரத்தடியில்தான் வகுப்பு.

முன்பெல்லாம் அங்கே மேல் மந்தை, நடு மந்தை, கீழ் மந்தை என்று மூன்று மந்தைகள் இருந்தன. சேரும் நாளில் ஒரு குட்டியை ஒரு மந்தையில் போட்டால் எல்லாப் பாடமும் அந்த மந்தையோடுதான். மரம் ஏறத் தெரியாத ஒரு நீர்நாய்க் குட்டி கீழ் மந்தைக்குப் போனது. அங்கே கோழிக்குஞ்சுகளோடு உட்கார வைத்து, "தண்ணீர் ஈரமாக இருக்கும்" என்று அதற்கு நீச்சல் பாடம் நடத்தினார்கள். பாவம், அது கொட்டாவி விட்டே வளர்ந்தது.

தலைமையாசிரியை யானை இதைப் பார்த்துத் தும்பிக்கையால் தலையில் அடித்துக்கொண்டார். அன்றே மந்தைகளைக் கலைத்தார்.

"இனி குட்டிகளைப் பிரிக்க மாட்டோம். பாடங்களைப் பிரிப்போம்!" என்றார்.

ஒவ்வொரு பாடத்துக்கும் மூன்று படிகள் வந்தன. நீச்சலில் முதல் படி கரையோரச் சேற்றில், இரண்டாம் படி அல்லி இலைகளுக்கு நடுவே, மூன்றாம் படி ஆழத்தில். மரமேறுவதற்கும், ஓசைகளை அடையாளம் காண்பதற்கும் இப்படியே. ஒரே குட்டி ஒரு பாடத்தில் மூன்றாம் படியிலும் இன்னொன்றில் முதல் படியிலும் இருக்கலாம். பருவம் முடிந்தால் மறுபார்வை நடக்கும். தேறினால் மேலே போகலாம், திணறினால் கீழே வரலாம். எந்தப் படியில் படித்தாலும் பாடம் முடிந்ததும் எல்லாரும் மருதமரத்தடிக்கு வந்து ஒன்றாகச் சாப்பிட வேண்டும்.

குட்டிகளுக்கு இது அரை நாளில் புரிந்துவிட்டது. பெற்றோருக்குத்தான் பருவக்கணக்கில் நேரம் பிடித்தது. நானும் ஒரு பெற்றோர்தான், அதனால் தைரியமாகச் சொல்கிறேன். படி என்ற சொல்லைக் கேட்டதும் உச்சியில் நம் பிள்ளையும் அடியில் பக்கத்து வீட்டுப் பிள்ளையும் நிற்கிற மாதிரிதான் நமக்குத் தோன்றும். அதைத் தாண்டி மூளை ஓடாது.

அந்தப் பள்ளியில் துள்ளான் என்றொரு குரங்குக் குட்டி சேர்ந்தது. மரமேறுவதில் மூன்றாம் படி, ஓசையில் இரண்டாம் படி, நீச்சலில் முதல் படி கிடைத்தது. துள்ளான் சந்தோஷமாக வீட்டுக்கு ஓடி வந்து அப்பாவிடம் சொன்னான்.

அப்பா கடுவனாருக்கு முகம் சுருங்கியது.

"நீச்சல்ல ஒண்ணாம் படியா? நம்ம வம்சம் என்னடா ஆகுறது!"

"நம்ம வம்சத்துல யாருக்குப்பா நீச்சல் தெரியும்?"

"எனக்குத் தெரியும்!"

"எப்போ நீந்தினீங்க?"

"இதுவரைக்கும் தேவைப்படலை!"

துள்ளான் சிரித்தான். "அப்பா, நான் தண்ணியில இறங்கினா கல்லுகூட 'என்னை முந்திட்டியே'ன்னு கேக்கும். எனக்குச் சேறுதான் சரி."

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அந்தச் சமயம் பார்த்துப் பக்கத்து மரத்தடியிலிருந்து தோகையம்மாள் வந்தார். அவர் பெண்மயில். பெண்மயிலுக்குத் தோகை கிடையாது, இவருக்குப் பெயரில் மட்டும் இருந்தது.

"உங்க பையன் எந்தப் படி அண்ணே? என் பொண்ணு சித்திரைக்கு எல்லாத்துலயும் மூணு!" என்றார்.

"எங்க பையனுக்கும் மூணுதான்!" என்றார் கடுவனார். வாயிலிருந்து வந்துவிட்டது. இனி அதை உண்மையாக்க வேண்டும்.

துள்ளானுக்கு நீரன் என்று ஒரு நீர்நாய் நண்பன். நீச்சலில் மூன்றாம் படி, மரமேறுவதில் முதல் படி. மறுபார்வைக்கு முந்திய நாள் கடுவனார் அவனைத் தனியாக அழைத்தார்.

"தம்பி, நாளைக்குத் துள்ளான் நீந்தும்போது நீ அடியில இருந்து முதுகால கொஞ்சம் தாங்கிக்கோ."

"அது தப்பில்லையா மாமா?"

"தாங்குறது தப்பாடா? உதவி! அவன் மூணாம் படிக்கு வந்தா தினமும் உன்கூடவே இருப்பான்!"

அந்தக் கடைசி வார்த்தையில் நீரன் விழுந்துவிட்டான். துள்ளானுக்கும் அப்பாவின் சுருங்கிய முகத்தை மறுபடி பார்க்கத் தெம்பில்லை. சரி என்று தலையாட்டினான்.

மறுநாள் நீச்சல் ஆசிரியை முக்குளிப்பான் குளத்தில் தயாராக இருந்தார். முக்குளிப்பான் சின்னப் பறவைதான். ஆனால் தலையைத் தண்ணீருக்குள் விட்டால் குளத்தின் அடிவரை பார்த்துவிடுவார். அன்று அவரைத் தலையை விடவே விடவில்லை. பெற்றோர் கூட்டம் சுற்றி நின்றுகொண்டது. "டீச்சர், என் முயலுக்கு மூணு போடுங்க!" "டீச்சர், என் ஓணானுக்கு நாலாம் படி உண்டா?" டீச்சர் பதில் சொல்லியே ஓய்ந்துபோனார்.

அந்த நேரத்தில் துள்ளான் குளத்தைக் கடந்தான். பல்லக்கில் போகும் ராஜா மாதிரி போனான். கையைக் காலை அசைக்க வேண்டும் என்பதையே மறந்துவிட்டான். நடுக்குளத்தில் தலையைச் சொறிந்துகொண்டான்!

"பாருங்க டீச்சர், எவ்வளவு லாகவம்!" என்றார் கடுவனார்.

டீச்சர் திரும்பிப் பார்ப்பதற்குள் துள்ளான் அக்கரையில் நின்றான். மூன்றாம் படி கிடைத்தது. கடுவனார் அன்று மாலை ஒவ்வொரு மரமாக ஏறி எல்லாரிடமும் சொன்னார்.

மூன்றாம் படியில் முதல் பாடமே குளத்தின் அடிக்குப் போய் மண் எடுத்து வருவது. துள்ளான் ஒரு கோரைப்புல் கற்றையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஏன் முழுகலை?" என்றார் டீச்சர்.

"காதுவலி டீச்சர்."

மறுநாள் வால்வலி. அதற்கு மறுநாள், "எங்க குலதெய்வத்துக்கு ஈரம் ஆகாது டீச்சர்" என்றான். நீச்சல் ஓர் அங்குலம்கூட வளரவில்லை. சாக்குச் சொல்வதில் மட்டும் மூன்றாம் படியையும் தாண்டிவிட்டான்.

அவனைத் தாங்கித் தாங்கியே நீரனுக்கும் பாடம் போயிற்று. டீச்சர் மற்றக் குட்டிகளோடு முழுகிச் சுழலில் திரும்பக் கற்றுக்கொடுத்தபோது, இவன் கோரை மறைவில் ஒரு குரங்கைச் சுமந்துகொண்டிருந்தான். சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்தபடியே தூங்கினான்.

"எனக்காக நீ கஷ்டப்படுறே. எனக்கு வெட்கமா இருக்குடா" என்றான் துள்ளான்.

"இன்னும் ஒரே மறுபார்வைதான். அப்புறம் பார்த்துக்கலாம்" என்றான் நீரன்.

அந்த மறுபார்வையில் மூன்றாம் படிக் குட்டிகள் ஆழத்தைக் கடந்து நடுத்திட்டுக்குப் போக வேண்டும். கடுவனார் சொந்தபந்தம் அத்தனை பேரையும் வரவழைத்திருந்தார். அத்தை, சித்தப்பா, ஒன்றுவிட்ட பெரியப்பா என்று கரையோர மரங்களில் கிளை தெரியாமல் குரங்குகள் உட்கார்ந்திருந்தன. தோகையம்மாளுக்கு முன்வரிசையில் இடம் போட்டிருந்தார். முதல் நாள் பெய்த மழையில் தண்ணீர் கலங்கி இழுத்துக்கொண்டிருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. எல்லாரும் துள்ளானைத்தான் பார்த்தார்கள்.

குட்டிகள் இறங்கின. துள்ளான் பாதித் தூரம் நன்றாகவே போனான். திடீரென்று முதுகுக்கு அடியில் இருந்த தாங்கல் காணாமல் போனது. அவன் ஒரு கோரைக் கற்றையை எட்டிப் பிடித்துக்கொண்டான். நீரன் மேலே வரவில்லை. கலங்கிய தண்ணீரில் அல்லித் தண்டுகள் கொத்தாக ஆடின. அவற்றுக்கு நடுவே ஒரு வால் துடித்தது.

நீரனின் கால் தண்டுகளில் சிக்கிவிட்டது. களைத்த உடம்புக்கு அதை அறுக்க வலுவில்லை.

கரையில் கைதட்டல்! துள்ளான் நடுக்குளத்தில் ஓய்வெடுக்கிறான் என்று நினைத்துவிட்டார்கள்.

"அசையாமலே மிதக்குறான் பாரு! அது எங்க வம்சம்!" என்று கத்தினார் கடுவனார்.

துள்ளான் கரையையும் அந்த வாலையும் மாறி மாறிப் பார்த்தான். வாயைத் திறந்தால் அப்பாவின் மானம் போகும். மூடினால் நண்பன் போவான். அவன் அதிகம் யோசிக்கவில்லை.

"டீச்சர்! எனக்கு நீச்சல் தெரியாது! ஒரு நாளும் தெரிஞ்சதில்லை! நீரன்தான் அடியில தாங்கினான்! அவன் மாட்டிக்கிட்டான், ஓடி வாங்க!"

கைதட்டல் பொசுக்கென்று நின்றது. முக்குளிப்பான் டீச்சர் அம்பாகத் தண்ணீருக்குள் பாய்ந்தார். தண்டுகளைக் கொத்தி அறுத்தார். மற்ற நீர்நாய்கள் நீரனை இழுத்துக் கரையில் போட்டன. ஆமை ஒன்று துள்ளானை முதுகில் ஏற்றி வந்தது.

நீரன் இருமினான். வயிற்றுத் தண்ணீரைக் கக்கினான். பிறகுதான் கண்ணைத் திறந்தான். துள்ளான் அவனைக் கட்டிக்கொண்டு அழுதான்.

"ஒரு படிக்காக ஒரு பிள்ளையைத் தொலைக்கப் பார்த்தீங்களே!" என்று டீச்சர் கடுவனாரிடம் கத்தினார். "ஆழத்துல எவ்வளவு தாங்குவான்னு சொல்லத்தான் அந்த எண். அது என்ன பட்டமா, நெத்தியில ஒட்டிக்க?"

சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளை மாறிப் போய்விட்டார்கள்.

துள்ளான் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"டீச்சர், என்னை ஒண்ணாம் படிக்கு அனுப்பிடுங்க. அதுக்குக் கீழே ஏதாவது இருந்தாலும் பரவாயில்லை!"

டீச்சருக்குக் கோபத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. "போ. சேறு உனக்காகத்தான் காத்திருக்கு."

முதல் படியில் துள்ளானுக்கு ஓர் ஆச்சரியம். அதே மறுபார்வையில் இரண்டாம் படியிலிருந்து இறங்கி, முழங்கால் தண்ணீரில் தோகையம்மாளின் மகள் சித்திரை நின்றுகொண்டிருந்தாள்.

"நீயா? உங்கம்மா எல்லாத்துலயும் மூணுன்னு சொன்னாங்களே!"

"எங்கம்மாவுக்கு எண்ணத் தெரியாது. எண்ணுறதுல அவங்க ஒண்ணாம் படி" என்றாள் சித்திரை.

இருவரும் சேற்றில் குமிழி விட்டுப் பழகினார்கள். மூக்கில் தண்ணீர் ஏறியது. துள்ளான் பலமுறை தவளைகளின் தலையில் விழுந்து மன்னிப்புக் கேட்டான். ஆனால் இங்கே சாக்குச் சொல்ல வேண்டியதில்லை. தெரியாது என்று சொன்னால் கற்றுக்கொடுத்தார்கள். இந்தச் சுகம் மூன்றாம் படியில் அவனுக்கு ஒரு நாளும் கிடைக்கவில்லை. நீரனும் தூக்கம் தெளிந்து சுழலில் திரும்பக் கற்றான். சாப்பாட்டு நேரத்தில் இருவரும் மருதமரத்தடியில் முன்போலப் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்கார்ந்தார்கள். இதற்காகவா அவ்வளவு பாடுபட்டோம் என்று இருவருக்குமே சிரிப்பாக வந்தது.

அடுத்த மறுபார்வைக்குக் கடுவனார் யாரையும் அழைக்கவில்லை. தனியாக வந்து கரையோரம் பதுங்கி நின்றார். துள்ளான் சேற்றைவிட்டு இறங்கினான். கையை வீசினான், காலை உதைத்தான், தண்ணீர் குடித்தான், தும்மினான். பார்க்கச் சகிக்கவில்லை. கதை சொல்லும் நான் குளத்தில் இறங்கினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. ஆனாலும் அல்லி இலைகள்வரை போய்ச் சேர்ந்துவிட்டான்.

"இரண்டாம் படி!" என்றார் டீச்சர்.

கடுவனாரால் நம்ப முடியவில்லை. தண்ணீரைக் கண்டாலே நடுங்குகிற அந்த அப்பா, கரையில் குப்புறப் படுத்து, கண்ணை இறுக்கி மூடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு தலையைத் தண்ணீருக்குள் விட்டார். பிறகு மெல்லக் கண்ணைத் திறந்து மகனுக்கு அடியில் பார்த்தார்.

அங்கே யாரும் இல்லை.

பிறர் முதுகில் ஏறி மேல்படியில் நிற்பவன் நின்ற இடத்திலேயே நிற்பான், தனக்கேற்ற படியில் தன் காலால் நிற்பவனே அடுத்த படிக்கு ஏறுவான்.