வகுளம்மையார் விழுங்கிய நாமங்கள்

பல்லாவரத்துக்கு மேற்கே கிதார் செய்யும் பட்டறை ஒன்றில் வகுளம்மையார் இருபது ஆண்டுகள் வேலை பார்த்தார். கிதாரின் மேல்பலகைக்கு உட்புறம் மெல்லிய மரச்சட்டங்களை ஒட்டுவது அவர் வேலை. பசை தடவி, சட்டத்தைப் பொருத்தி, அதை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பை முறுக்கிவிட்டு அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும். அவர் கடிகாரம் பார்த்ததில்லை. பெருமாளின் ஆயிரம் நாமத்தையும் நிதானமாகச் சொல்வார். சொல்லி முடித்தால் பசை பிடித்திருக்கும்.

"வகுளாம்மா, ஒங்க பெருமாள் கிதார் வாசிப்பாரா?" என்பார் மேஸ்திரி கிருபாகரன்.

"அவருக்குப் புல்லாங்குழலே போதுமாம் மேஸ்திரி."

ஒரு வைகாசியில் கருட சேவை வந்தது. பத்து மணிக்கு, பக்கத்துத் தெருக் கோயில் வரதராசர் கோபுர வாசலைக் கடந்துவிடுவார். ஒன்பதே முக்காலுக்கு அம்மையார் கையில் பசை. அன்று நாமங்களை அவர் சொல்லவில்லை, விழுங்கினார். எங்கெங்கோ தாவி முடித்து, கிளாம்பைக் கழற்றிவிட்டு ஓடினார். கருடன்மேல் பெருமாளைக் கண்டதும் கண்ணீர் பெருகியது. அந்தக் கண்ணீர் உண்மையானது. பின்னாளில் அவரை அதிகம் வதைத்ததும் அதுதான்.

இரண்டு மாதத்தில் அந்தக் கிதார் திரும்பி வந்தது. மேடையில் உட்சட்டம் விட்டுப்போய்க் கரகரவென்று இரைந்ததாம். வாசித்த பெண் பாதியில் எழுந்து போய்விட்டாளாம். மேஸ்திரி, பக்கத்து மேசையில் அதே வேலை பார்த்த மெர்லின்மேல் பாய்ந்தார். "எங்க பாத்துக்கிட்டு ஒட்டுன? நாளையிலேருந்து வராத!"

முனையைச் சீவியிருந்த விதத்திலேயே அது தம் சட்டம் என்று அம்மையாருக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் வாய் திறக்கவில்லை. வேலை போய்விடும் என்றுகூட அவர் பயப்படவில்லை. பெரிய பக்தை என்ற பெயர் போய்விடுமே என்றுதான் பயந்தார். அப்படிப் பயந்ததை அறிந்தபோது உடம்பே கூசியது. மெர்லின் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டினாள்.

"அது நான் ஒட்டுனது மேஸ்திரி. சாமி பாக்கற அவசரத்துல சீக்கிரமா கழட்டிட்டேன்."

"ஓ! ஆயிரத்துல எத்தனய முழுங்குனீங்க?"

"பாதிக்கு மேல."

பட்டறையே சிரித்தது. மெர்லினைத் திரும்ப அழைத்தார்கள். பழைய ஆள் என்று அம்மையாரையும் விட்டுவைத்தார்கள். அதன்பின் அவர் கிளாம்பை எடுத்தாலே யாராவது, "இன்னிக்கு ஆயிரமா, ஐநூறா?" என்பார்கள். "ஆயிரம்" என்று தலைகுனிந்து சொல்வார். கோயில் பக்கம் மட்டும் அவர் போகவில்லை. மரத்தை ஏமாற்றித் திருடிய தரிசனம் அது. எந்த முகத்தோடு மறுபடி போய் நிற்பது?

மறு வைகாசியில் பெரிய தெருவில் சாக்கடைக்குப் பள்ளம் வெட்டியிருந்தார்கள். ஊர்வலம் பட்டறைத் தெருவுக்குள் திரும்பியது. மேளச் சத்தம் கேட்டு எல்லாரும் வாசலுக்கு ஓடினார்கள். அம்மையார் அப்போதுதான் கிளாம்பை முறுக்கியிருந்தார். எழவில்லை. முதல் நாமத்தைத் தொடங்கினார்.

பட்டறை வாசலில் கருட வாகனம் நின்றது. பதினாறு தோள்கள் முயன்றும் ஓரடி நகரவில்லை. "காலே பேர மாட்டேங்குது சாமி" என்றார்கள் தூக்கிகள். பட்டர் ஆரத்தி காட்டினார். தோள் மாற்றச் சொன்னார். வெயில் ஏறியது. உள்ளே அம்மையார் ஒரு நாமமும் விடாமல் சொல்லி முடித்துக் கிளாம்பைக் கழற்றினார். அந்தக் கணம் வாகனம் பூப்போல எழுந்தது.

வாசலில் நின்று உள்ளும் வெளியும் பார்த்துக்கொண்டிருந்த மெர்லின் உள்ளே ஓடிவந்தாள். "வகுளாம்மா, ஒங்க சாமி அரைமணி நேரமா நம்ம வாசல்லயே நிக்கிறாரு. நீங்க கிளாம்ப கழட்டுனதும்தான் அசையறாரு!"

"ஐயோ, என்னால அவரு வெயில்ல நின்னாரா!" பசைக் கையால் முகத்தை மூடிக்கொண்டார் அம்மையார்.

அதைக் கேட்ட பட்டர், திருவடி பொறித்த சடாரியை ஏந்தி மரத்தூளை மிதித்துக்கொண்டு உள்ளே வந்தார். பத்து மாதமாகக் குனிந்தே இருந்த தலை. புதிதாகக் குனிய வேண்டியிருக்கவில்லை. பெருமாளின் திருவடி அதன்மேல் அமர்ந்தது.

தம் குறையைத் தாமே ஊரறியச் சொன்ன வகுளம்மையாரின் நாணத்துக்கு நம் வணக்கம்.