மேல்வீட்டு அண்ணாச்சியின் சிக்னல் கருவாடு

பெனிட்டாவுக்கு அன்றைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கப்பல் வேலைக்குப் போன புருஷன் கிளாட்வின் ஏதோ ஒரு துறைமுகத்தில் இறங்கியிருக்கிறான். சாயங்காலம் கப்பல் கிளம்பிவிட்டால் அப்புறம் நடுக்கடல், பேச முடியாது. இங்கே தூத்துக்குடியில் அவர்கள் மகள் காலையில்தான் முதல்முதலாக எழுந்து நடந்திருக்கிறாள். அதை அவனுக்கு வீடியோவில் காட்டியாக வேண்டும். போனிலோ வைஃபை அடையாளம் முழுசாக நிற்கிறது, நெட் மட்டும் வரவில்லை.

நாத்தனார் ஜெனோவா ரவுட்டரை அணைத்துப் போட்டாள். போனையும் அணைத்துப் போட்டாள். ஒன்றும் அசையவில்லை. அந்த நேரம் பார்த்து மேல்வீட்டுச் சவரிமுத்து அண்ணாச்சி படியிறங்கி வந்தார்.

"போனை இங்க கொண்டாம்மா. வைஃபைக்கு என்னைக் கண்டாலே ஒரு பயம் உண்டு" என்று வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். "ஒருதடவ ரவுட்டரைக் கொண்டுபோய் கலங்கரை விளக்கத்து உச்சியில கட்டிட்டேன். விளக்கு சுத்தச் சுத்த சிக்னலும் சுத்துது. கடல்ல வலை போட்டவனெல்லாம் வலைய விட்டுட்டுப் படம் பாக்கான்!"

"அண்ணாச்சி, போனு..." என்றாள் பெனிட்டா.

"அதுக்குத்தான் வாரேன். மறுநாளே இலங்கைக்காரன் தோணி கட்டி வந்துட்டான், பாஸ்வேர்டு கேட்டு."

"வெறுங்கையோடயா வந்தான்?" என்று கேட்டாள் ஜெனோவா.

"ஒரு மூட்டை தேயிலை. உங்களுக்குக்கூட அதுலதான டீ போட்டுத் தந்தேன்."

"எங்களுக்கா? எப்போ?"

அதை அவர் காதில் வாங்கவே இல்லை. பெனிட்டா கடிகாரத்தைப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"அப்புறம் சிக்னல் ரொம்பப் பெருகிப்போச்சு. தெருவுல நடந்தா கால்ல சிக்குது. என்ன செஞ்சேன்? வலைவீசி அள்ளி, உப்புத் தடவி, கருவாடு மாதிரி காயப்போட்டுட்டேன். மழையில நெட்டு போச்சுன்னா ஒரு துண்டைத் தண்ணியில ஊறவச்சா போதும்."

"பூனை தூக்கிட்டுப் போவலையாக்கும்?" என்றாள் ஜெனோவா.

"போச்சே! இப்போ அந்தப் பூனை எந்த வீட்டு வாசல்ல படுக்குதோ, அந்த வீட்டுக்கு நெட்டு ஃப்ரீ!"

சொல்லிக்கொண்டே திரையைத் தட்டிக்கொண்டிருந்தவரின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்த ஜெனோவா, வெடுக்கென்று போனை வாங்கி அண்ணியிடம் காட்டினாள்.

"மைனி, இது நம்ம வைஃபையே இல்ல. போன வாரம் அண்ணாச்சி வீட்டுல இருந்தப்ப சேத்தீங்கல்லா, அதையேதான் இன்னும் பிடிச்சிக்கிட்டு நிக்கி."

அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். "அதுல நாலஞ்சு நாளா நெட்டு வரலம்மா. நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

ஜெனோவா மேல்வீட்டு வைஃபையை அழித்துவிட்டு, சொந்த வீட்டு வைஃபையைத் தொட்டுப் பாஸ்வேர்டு போட்டாள். போட்ட மாத்திரத்தில் கிளாட்வின் கூப்பிட்டுவிட்டான்.

பெனிட்டா விரலை விட்டதும் குழந்தை ஆடி ஆடிப் போனைப் பார்த்து நடந்தது. திரையில் கிளாட்வின் சட்டையால் கண்ணைத் துடைத்தான்.

இடையில் அண்ணாச்சி தலையை நீட்டினார். "தம்பி, நல்லாத் தெரியுதா? நான் தொட்ட போனாக்கும்!"

"ஆமாண்ணே" என்றாள் ஜெனோவா, திரையில் இருந்த அண்ணனிடம். "அண்ணாச்சி வைஃபைய விட்டு வெளிய வந்ததும் எல்லாம் சரியாயிட்டு."