மிளாவின் காயமும் நலம் விசாரித்தவர்களும்

மலையடிவாரக் காட்டில் ஒரு மிளா மான் இருந்தது. ஒருநாள் கம்பி வேலியைத் தாண்டும்போது அதன் பின்னங்கால் கிழிந்துவிட்டது. காட்டுக் குளமோ வற்றிக்கொண்டிருந்தது. பத்து நாளில் அதன் கூட்டம் முழுவதும் மலையைத் தாண்டி ஆற்றங்கரைக்குப் போயாக வேண்டும். கால் ஆறாவிட்டால் மிளா மட்டும் தனியாகக் கிடக்க வேண்டியதுதான்.

வைத்தியம் தெரிந்த செம்போத்துப் பறவை வந்தது. வெட்டுக்காயப் பூண்டின் இலையைக் கசக்கி, காயத்தில் வைத்துக் கட்டியது.

"ஏழு நாளைக்குக் கட்டைப் பிரிக்காதே! ஒன்பதாம் நாள் நீ ஓடலாம்!" என்றது.

மறுநாளே ரத்தம் நின்றது. வலியும் குறைந்தது. ஆனால் அதற்குள் செய்தி காடெங்கும் பரவிவிட்டது. நலம் விசாரிக்க எல்லாரும் கிளம்பிவிட்டார்கள்.

முதலில் முயல் வந்தது. "ஐயோ அண்ணே! குப்பைமேனி வைக்கலையா? எங்க சித்தப்பாவுக்கு வாலே அறுந்துபோச்சு. குப்பைமேனி வெச்சோம், மூணே நாள்ல புது வால் முளைச்சிடுச்சு!" என்று சொல்லிக்கொண்டே கட்டைப் பிரிக்கப் போனது.

"செம்போத்து பிரிக்கக் கூடாதுன்னு சொல்லிச்சே..." என்று இழுத்தது மிளா.

"பூச்சி தின்கிற பறவைக்கு என்ன தெரியும்?"

தேடி வந்தவர் மனம் நோகலாமா? மிளா காலை நீட்டியது.

மாலையில் கரடி வந்தது. குப்பைமேனியை வழித்தெறிந்துவிட்டு அத்திப்பட்டையை அரைத்து அப்பியது. மறுநாள் குரங்கு வந்து, "உள்ளே சீழ் இருக்கா, பாப்போம்!" என்று விரலை விட்டது. அந்த விரல் அதற்குமுன் எங்கெல்லாம் போய் வந்தது என்று கேட்கக் கூடாது. பிறகு வேப்பங்கொழுந்தை வைத்தது. காட்டுப்பன்றி துளசி கொண்டுவந்தது, வழியிலேயே பாதியைத் தின்றுவிட்டு. எல்லாம் நல்ல மூலிகைகள்தான். எதையும் ஒரு முழு நாள் வேலை செய்யத்தான் யாரும் விடவில்லை.

எட்டாம் நாள் செம்போத்து வந்து பார்த்தது. கால் பூசணிக்காய் போல வீங்கியிருந்தது.

"யார் பிரிச்சது?"

"எல்லாரும் அன்பாத்தான் வந்தாங்க..." என்று முனகியது மிளா.

"அன்பா? இனி ஆற ஒரு மாசம் ஆகும்!"

பக்கத்திலேயே சண்டை நடந்துகொண்டிருந்தது. "என் பட்டையை வழிச்சது யாரு?" என்று கத்தியது கரடி. "உன் பட்டையாலதான் வீங்கிச்சு!" என்று பல்லைக் காட்டியது குரங்கு. மிளாவின் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை.

பத்தாம் நாள் கூட்டம் புறப்பட்டது. மிளா எழுந்தது, விழுந்தது. மறுபடி எழுந்தது, மறுபடி விழுந்தது. குட்டிகள் தாகத்தில் கதறின. கூட்டம்தான் எவ்வளவு நேரம் காத்திருக்கும்? பாவம், திரும்பிப் பார்த்துக்கொண்டே போய்விட்டது.

அன்று சாயங்காலம் இன்னொருவர் நலம் விசாரிக்க வந்தார். புலியார். அவர் இலையும் கொண்டுவரவில்லை, பட்டையும் கொண்டுவரவில்லை. காயத்தைக் காட்டு என்றும் கேட்கவில்லை.

"எழுந்து நடக்க முடியுமா?" என்று மட்டும் கேட்டார்.

"முடியலையே..." என்றது மிளா.

"ரொம்ப நல்லது!" என்றார் புலியார்.

வந்தவர் மனம் நோகக் கூடாதென்று ஆளுக்கு ஆள் வைத்தியத்தை மாற்றுகிறவனை எந்த மூலிகையாலும் காப்பாற்ற முடியாது.